மில் ஊரின் கதையை ஊரே கூடிச் சொல்ல: தொழில் மரபு விழா நடத்த முழு வழிகாட்டி

ஊரின் தொழில் மரபுக்கு ஒரு விழா எடுக்கலாம் என்று பேச்சு எழுந்தால், முதல் கூட்டத்திலேயே இரண்டு கேள்வி வந்துவிடும். எந்தத் தேதி? யார் சிறப்பு விருந்தினர்? இந்த இரண்டையும் முதலில் முடிவு செய்த விழாக்களைப் பார்த்திருக்கிறேன். பந்தல் இருக்கும், ஃபிளெக்ஸ் இருக்கும், காட்டத்தான் ஒன்றும் இருக்காது. தேதி கழுத்தை நெரிக்க ஆரம்பித்தபின் யாரும் வீடு வீடாகப் போய்ப் பழைய படம் கேட்க மாட்டார்கள். மைக் செட்டுக்காரருக்கும் சமையல்காரருக்கும் போன் போடவே நேரம் சரியாகிவிடும்.

அதனால் இங்கே வரிசை வேறு. முதலில் சேகரிப்பு, பிறகு தேதி, அதன்பின் இடமும் அனுமதியும், மேடை எல்லாவற்றுக்கும் கடைசியில். உதாரணங்களை வி.கே.புரத்தை வைத்தே சொல்கிறேன். திருநெல்வேலி மாவட்டத்தில் பொதிகை மலையடிவாரத்தில் இருக்கும் விக்கிரமசிங்கபுரம். பாபநாசத்து அருவி நீரின் விசையை நம்பி பிரிட்டிஷ் வணிகர்களான ஹார்வி சகோதரர்கள் 1885-இல் நூற்பாலை தொடங்கிய இடம். உங்கள் ஊரில் தீப்பெட்டி, தோல், சர்க்கரை ஆலை, ரயில்வே பணிமனை என்று எது இருந்தாலும் வரிசை இதுதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆறு மாத அவகாசம். இதைவிடக் குறைவாக இருந்தால் விழா என்று பெயர் வைக்காமல் ஒரு மாலை புகைப்படக் கண்காட்சி மட்டும் நடத்துங்கள். அதுவே மரியாதையாக இருக்கும்.

தட்டை ஸ்கேனர் ஒன்று, சட்டையில் குத்தும் மைக் ஒன்று, ஹார்ட் டிஸ்க் இரண்டு, கார்பன் தாளோடு கூடிய ரசீதுப் புத்தகம் ஒன்று. ஹார்ட் டிஸ்க் ஏன் இரண்டு என்றால், ஒன்று கெட்டால் ஊரின் ஆல்பமே போய்விடும். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது.

வங்கிக் கணக்கும் வேண்டும். விழாக் குழு என்ற பெயரில் புதிதாகக் கணக்குத் தொடங்கப் போனால் பதிவுச் சான்று கேட்பார்கள். ஏற்கெனவே பதிவான ஓய்வுபெற்ற தொழிலாளர் சங்கமோ, நூலக வாசகர் வட்டமோ இருந்தால் அவர்கள் கணக்கில் தீர்மானம் போட்டு வரவு செலவு வையுங்கள். தனிநபரின் யுபிஐ எண்ணுக்கு நன்கொடை வாங்கவே கூடாது. எவ்வளவு யோக்கியர் ஆனாலும், டீக்கடையில் பேச்சு கிளம்ப ஒரு வாரம் போதும்.

2. எதைச் சொல்லப் போகிறோம் என்று எல்லை போடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லாவற்றையும் சொல்ல நினைப்பார்கள். பாபநாசநாதர் கோயில், அகத்தியர், தாமிரபரணி, மில், அணை, புலிகள் காப்பகம். எல்லாம் பெருமைதான். ஆனால் எல்லாம் சேர்ந்தால் சுற்றுலாத் துறையின் துண்டுப் பிரசுரமாகிவிடும்.

ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். வி.கே.புரத்துக்கு நான் வைக்கும் கேள்வி: மில் சங்கு ஊதிய நாட்களில் இந்த ஊர் எப்படி எழுந்தது, எப்படித் தூங்கியது? இந்தக் கேள்விக்குள் ஷிப்டு, லைன் வீடு (தொழிலாளர் குடியிருப்பின் வரிசை வீடு), கேன்டீன், சம்பள நாள், பள்ளிக்கூடம், ஆற்றுக் குளியல் எல்லாம் தானாக வந்து சேரும். கோயில் கும்பாபிஷேகம் வராது. அதை வேறு விழாவில் சொல்லிக்கொள்ளலாம்.

எல்லையில் ஆண்டும் இருக்கட்டும். உயிரோடு இருப்பவர்களின் நினைவு எட்டும் காலத்திலிருந்து தொடங்கினால் கையில் சரக்கு இருக்கும். அதற்கு முந்தைய காலத்துக்கு ஒன்றிரண்டு பலகை போதும்.

3. குழுவை அமைப்பது

மில் ஊரில் ஒரு தொழிற்சங்கம் மட்டும் இருக்காது. ஏஐடியுசி, ஐஎன்டியுசி, சிஐடியு, தொ.மு.ச., அண்ணா தொழிற்சங்கம் என்று வரிசையாக இருக்கும். ஒருவரைக் கூப்பிட்டு இன்னொருவரை விட்டால் பாதி ஊர் வராது. எல்லோருக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில், நேரில் போய்ச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுச் சொல்லியாகிவிட்டது என்று நினைப்பது பெரிய தவறு.

இரண்டாவது பிளவு ஸ்டாஃப், தொழிலாளி என்பது. ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ்காரர்களிடம்தான் ஆல்பம் நிறைய இருக்கும், கேமரா வைத்திருந்தவர்கள் அவர்கள். அதை மட்டும் வைத்துக் கண்காட்சி போட்டால் சுவர் முழுக்க கிளப் விருந்தும் டென்னிஸ் மட்டையுமாக நிற்கும். குழுவில் இரு பக்கமும் சம அளவில் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

பெண்கள் விஷயத்தையும் முதலிலேயே கவனியுங்கள். மில்களில் ரீலிங், வைண்டிங் பகுதிகளில் பெண்கள் நூல் சுற்றியிருக்கிறார்கள். ஆனால் 'மில் தொழிலாளி' என்று கேட்டால் ஊரில் ஆண்களின் பெயரைத்தான் சொல்வார்கள். ஆச்சிமாரைத் தேடிப் போக ஒரு பெண் உறுப்பினரைத் தனியாக நியமியுங்கள்.

4. நினைவுகளைப் பதிவு செய்வது

எல்லாப் படிகளிலும் அவசரமானது இது. படம் அலமாரியில் இருக்கும். எண்பது வயது அண்ணாச்சி அடுத்த தைக்கு இருப்பாரா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள். நன்றாகப் பேசுபவர், பிரபலமானவர் எல்லாம் பிறகு.

முதல் சந்திப்பில் மைக்கை வெளியே எடுக்காதீர்கள். எதற்கு வந்திருக்கிறோம் என்று சொல்லி, காபி குடித்துவிட்டு வந்துவிடுங்கள். மைக்கைப் பார்த்ததும் பலர் மேடைத் தமிழுக்குப் போய்விடுவார்கள். 'அக்காலத்திலே ஆலைத் தொழிலாளர்களாகிய நாங்கள்' என்று ஆரம்பித்தால் அப்புறம் இறக்குவது கஷ்டம். இரண்டாவது முறை போகும்போது பேரனோ மகளோ பக்கத்தில் இருந்தால் பேச்சு இயல்பாக வரும்.

நூற்பாலையில் பல ஆண்டு ஸ்பின்னிங் பகுதியில் நின்றவர்களில் நிறையப் பேருக்குக் காது மந்தம். எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று முதலில் கேட்டு, அந்தப் பக்கம் உட்காருங்கள். கேள்வியைக் கத்தாமல், உதடு தெரியும்படி மெதுவாகக் கேளுங்கள். பஞ்சுத் தூசியால் இருமல் உள்ளவரிடம் அரை மணி நேரத்துக்கு மேல் தொடராதீர்கள்.

பதிவுக்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. போனை விமானப் பயன்முறையில் போடுங்கள், இல்லையென்றால் நல்ல இடத்தில் யாராவது அழைப்பார்கள். மைக் தாடையிலிருந்து ஒரு சாணுக்குக் கீழே போகக் கூடாது. மின்விசிறியை நிறுத்துங்கள், வெயிலில் அது முடியாது என்றால், விசிறிக் காற்று மைக்கில் நேராக அடிக்காத மூலையில் உட்காருங்கள். கோப்பு வேவ் வடிவத்தில் இருக்கட்டும். தொடங்கும்போது பெயர், தேதி, இடத்தை நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் இது யார் குரல் என்று பிறகு தெரியும்.

'மில் வாழ்க்கை எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'நல்லா இருந்துச்சு' என்ற பதிலோடு முடிந்துவிடும். கேள்வி சின்னதாக, கையால் தொடக்கூடியதாக இருக்க வேண்டும்:

- அண்ணாச்சி, முதல் நாள் வேலைக்கு உங்களைக் கூட்டிட்டுப் போனது யாரு? என்ன சட்டை போட்டிருந்தீங்க?
- இழை அறுந்தா எப்படி ஒட்டுவீங்க? கையாலே காட்டுங்க.
- சம்பளத்தன்னைக்கு வீட்டுக்கு என்ன வாங்கிட்டு வருவீங்க?
- ஆச்சி, ஃபுல் நைட் முடிஞ்சு வர்றவருக்கு எத்தனை மணிக்கு அடுப்புப் பத்த வைப்பீங்க?
- பதிலியா எத்தனை வருஷம் கேட்டுல நின்னீங்க?

கடைசிக் கேள்விக்குப் பதில் எப்போதும் நீளமாக வரும். நிரந்தரம் ஆகாமல், ஆள் குறைந்தால் கூப்பிடுவார்களா என்று தினமும் மில் வாசலில் காத்திருந்த காலம் அது. குறுக்கே பேசாதீர்கள்.

சம்மதப் படிவம் தமிழில், அரைப் பக்கத்துக்குள் இருக்க வேண்டும். 'என் குரலையும் படத்தையும் விழாவில் பயன்படுத்தவும், நூலகத்தில் வைக்கவும் சம்மதிக்கிறேன். வேண்டாம் என்று எப்போது சொன்னாலும் எடுத்துவிட வேண்டும்.' இவ்வளவு போதும். பேச்சு முடிந்தபின் கையெழுத்து வாங்குங்கள். தான் என்ன பேசினோம் என்று தெரிந்தபின் தரும் சம்மதம்தான் நிலைக்கும். மேஸ்திரியோடு நடந்த சண்டை, சங்கத் தகராறு, குடும்ப விஷயம் எதையாவது நீக்கச் சொன்னால் வாதாடாமல் நீக்கிவிடுங்கள்.

5. படங்களும் பொருட்களும்: வாங்குவதைவிட எழுதி வைப்பது முக்கியம்

படங்களை வீட்டிலிருந்து எடுத்து வராதீர்கள். ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளி வராண்டாவிலோ, சங்க அலுவலகத்திலோ முகாம் போட்டால், மக்கள் ஆல்பத்தோடு வந்து அரை மணியில் திரும்பிவிடுவார்கள். கல்யாணப் படத்தை முகம் தெரியாதவர்களிடம் ஒரு வாரம் விட்டுவைக்க யாருக்கும் மனசு வராது. அது நியாயமும்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோரம் பல வீடுகளில் ஆல்பங்கள் நனைந்து ஒட்டிப்போயின. மிச்சம் இருப்பதைச் சீக்கிரம் ஸ்கேன் செய்ய அதுவும் ஒரு காரணம்.

தபால் அட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ போதும். சின்ன பாஸ்போர்ட் படத்துக்கு 1200 வையுங்கள். அதைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்ட வேண்டியிருக்கும். மூலப் பிரதியை டிஃப் கோப்பாக வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு மட்டும் ஜேபெக் எடுங்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாரோ எழுதிய இரண்டு வரி எல்லாம் அங்கேதான் இருக்கும். ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு வைத்து எடுங்கள். பழுதான படத்தை லேமினேட் செய்து தருகிறேன் என்று ஆர்வக்கோளாறில் யாராவது கிளம்புவார்கள். தடுத்து நிறுத்துங்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு எடுக்கவே முடியாது.

குழுப் படம் கிடைத்தால் பெரும் புதையல். அதன் நகலில் ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு, முகாமில் மேஜைமேல் வைத்துவிடுங்கள். 'இது நம்ம பெரியப்பால்லா!' என்று ஒருவர் சொல்ல, பத்துப் பேர் கூடி, ஒரு மணி நேரத்தில் பாதிப் பெயர் நிரம்பிவிடும். விழாவுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேறு இல்லை.

பொருட்களைக் கட்டாயம் எடுத்து வர வேண்டியிருக்கும். தொழிலாளியின் எண் பொறித்த பித்தளை டோக்கன், நூல் சுற்றும் பாபின், சம்பளச் சீட்டு, கேன்டீன் கூப்பன், கூட்டுறவுப் பண்டகசாலை அட்டை, ஓய்வு நாளில் கொடுத்த கைக்கடிகாரம். ஒவ்வொன்றுக்கும் இரட்டைப் பிரதி ரசீது. 'பழைய டோக்கன் 1' என்று எழுதினால் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: 'எண் 47. வட்டப் பித்தளை டோக்கன் ஒன்று. மேலே துளை. முன்பக்கம் எண் தெளிவாக உள்ளது. பின்பக்கம் குறுக்கே கீறல், வாங்கும்போதே இருந்தது. கயிறு இல்லை.' கூடவே உரிமையாளர் கண் முன்னால் போனில் இரு பக்கமும் படம். கீறல் யாரால் வந்தது என்ற பேச்சு பிறகு எழாது.

எண்ணைப் பொருளின்மேல் ஸ்டிக்கராக ஒட்டாதீர்கள். பசை கறையாகும், பித்தளையில் பச்சை பிடிக்கும். வெள்ளைப் பருத்தி நாடாவில் பென்சிலால் எழுதிக் கட்டுங்கள். டோக்கனைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் ஆசையையும் அடக்குங்கள். எண்ணும் எழுத்தும் தேய்ந்துவிடும், அத்தனை வருடக் கைப்பழக்கத்தின் நிறமும் போய்விடும்.

சம்பளச் சீட்டிலும் பி.எஃப். காகிதங்களிலும் கணக்கு எண் இருக்கும். காட்சிக்கு வைக்கும் நகலில் அதை மறைத்துவிடுங்கள்.

6. இப்போது தேதி

கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தபின் தேதி பாருங்கள். வி.கே.புரத்தில் எந்தத் தேதி கூடாது என்று பார்ப்பது எளிது. ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் படித்துறையிலும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலிலும் கூட்டம் நெரியும், பஸ் கிடைக்காது, போலீசுக்கு அந்த வேலையே சரியாக இருக்கும். சித்திரை விசுவும் அப்படியே. குற்றாலம் சீசனில் வெளியூர்க்காரர்களுக்குத் தங்க அறை கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். பிசான நெல் அறுப்பு நேரத்தில் சுற்றுக் கிராமத்தார் வர மாட்டார்கள்.

மிஞ்சுவது பொங்கலை ஒட்டிய நாட்கள். சென்னை, திருப்பூர், கோயம்புத்தூர் என்று போன பிள்ளைகள் ஊரில் இருப்பார்கள். தாத்தாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவர ஆள் இருக்கும். காணும் பொங்கலன்று எல்லோரும் கட்டுச்சோற்றோடு ஆற்றுக்குப் போய்விடுவார்கள், அதைத் தொடாமல் மறுநாள் வையுங்கள்.

ஆயுத பூஜையைச் சேகரிப்புக்குப் பயன்படுத்துங்கள். தமிழ்நாட்டு ஆலைகளில் அன்று இயந்திரத்தை நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, குடும்பத்தாரை உள்ளே விடும் வழக்கம் உண்டு. குழந்தைகளாக உள்ளே போய்ப் பொரியும் கடலையும் வாங்கிய நினைவு இல்லாத மில் வீடே இருக்காது. அந்த வாரம் பேச்சுக் கொடுத்தால் கதை கொட்டும்.

7. இடமும் அனுமதியும்

இடம்: பள்ளி மைதானம் அல்லது நகராட்சி இடம். எந்தச் சமுதாயத்தின் கல்யாண மண்டபமும் வேண்டாம். வாடகை குறைவு, சமையலறை வசதி என்று காரணம் சொல்வார்கள். ஆனால் எங்கள் பக்கத்து ஊர்களில், எந்த மண்டபம் என்று கேட்டதுமே வராமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். வெளிப்படையாகச் சொல்லவும் மாட்டார்கள், 'அன்னைக்கு ஒரு சோலி இருக்கு' என்பதோடு சரி.

அனுமதிகளுக்கு வரிசை உண்டு. முதலில் இட உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல். அந்த நகலை இணைத்துத்தான் காவல் நிலையத்தில் மனு. அதன்பின் ஒலிபெருக்கி அனுமதி. ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக இருக்கலாம்; பள்ளி மைதானம் என்றால் இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி நிரலை மாலையிலேயே முடியும்படி போட்டால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்குங்கள். கம்பத்தில் கொக்கி போடுவது சட்ட மீறல் என்பதோடு, காட்சிப் பொருட்களில் பஞ்சும் காகிதமும் இருக்கும் பந்தலில் அது நேரடி ஆபத்து. தீயணைப்பு நிலையத்துக்கும் கடிதம் கொடுங்கள். ஃபிளெக்ஸ் வைக்க நகராட்சி அனுமதி தனி.

ஆலை வளாகத்துக்குள் ஏதாவது செய்ய வேண்டுமானால் நிர்வாகத்திடம் மூன்று மாதம் முன்பே எழுதுங்கள். 'உள்ளே விடுங்கள்' என்று மொட்டையாகக் கேட்டால் பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுத்துவிடுவார்கள். எத்தனை பேர், எந்த வாசல், எத்தனை நிமிடம், யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தால் யோசிப்பார்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். கேட்டுக்கு வெளியே நின்று சொல்ல நிறையக் கதை இருக்கிறது.

8. பலகை எழுதுவது

ஒரு பலகைக்கு ஒரு செய்தி, ஐம்பது சொற்களுக்குள். எழுத்து நான்கடி தள்ளி நின்றும் படிக்கும் அளவு. கண்ணாடி மறந்து வந்த பெரியவர்தான் உங்கள் முக்கிய வாசகர்.

ஆண்டுகளில்தான் தவறு நுழையும். நிறுவனம் பதிவான ஆண்டு, ஆலை ஓடத் தொடங்கிய ஆண்டு, பெயர் மாறிய ஆண்டு மூன்றும் வேறு. வி.கே.புரத்தில் ஒரே ஆலையை ஹார்வி மில், மதுரா மில், கோட்ஸ் மில் என்று மூன்று தலைமுறையும் மூன்று விதமாகச் சொல்லும். 1974-இல் கோட்ஸ் என்ற பிரிட்டிஷ் நூல் நிறுவனத்துடன் இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. யார் எந்தப் பெயரைச் சொல்கிறார்கள் என்பதை வைத்தே அவர் எப்போது வேலை பார்த்தார் என்று கணிக்கலாம். பலகையில் மூன்றையும் போடுங்கள்.

பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் வந்தது. ஆலை அருவி நீரைப் பயன்படுத்தத் தொடங்கியது அதற்கு ஏறக்குறைய அறுபது ஆண்டு முன்பு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிச் சொல்பவர்கள் ஊரிலேயே உண்டு.

வேலைநிறுத்தத்தைத் தவிர்க்காதீர்கள். 'பழைய சண்டை எதற்கு, விழாவில் நல்லதைப் பேசுவோம்' என்று குழுவில் ஒருவர் நிச்சயம் சொல்வார். இதே ஹார்வி நிறுவனத்தின் தூத்துக்குடி கோரல் மில்லில் 1908 பிப்ரவரியில் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள்; வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. அதை விட்டுவிட்டு எழுதும் மில் வரலாறு நிர்வாகத்தின் ஆண்டறிக்கை மாதிரி இருக்கும். ஆனால் பலகையில் செய்தியை மட்டும் எழுதுங்கள், தீர்ப்பு வேண்டாம். உள்ளூர்த் தகராறுகளில் உயிரோடு இருப்பவர் பெயர் வரக் கூடாது.

9. காட்டிப் புரியவைப்பது

நூல் நூற்கும் பெரிய இயந்திரமான ரிங் ஃபிரேமைப் பந்தலுக்குக் கொண்டுவர முடியாது. ஆறு கண்ணாடி ஜாடி போதும்: விதை நீக்கிய பஞ்சு, ப்ளோ ரூமில் அடித்துச் சுத்தமான பஞ்சு, கார்டிங்கில் சீவி எடுத்த பட்டை, அதையே இழுத்து மெல்லியதாக்கியது, லேசாக முறுக்கிய ரோவிங், கடைசியில் நூல். வரிசையாக வைத்து, கடைசி ஜாடிக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற சைடர் (ரிங் ஃபிரேமில் நின்று அறுந்த இழையை ஒட்டியவர்) ஒருவரை உட்கார வையுங்கள். ரோவிங் துண்டைக் குழந்தை கையில் கொடுத்து, 'இழு... இப்ப முறுக்கு... இப்ப இழுத்துப் பாரு' என்பார். முறுக்காமல் இழுத்தால் பிரிந்துவிடும், முறுக்கினால் தாங்கும். நூற்பின் சூத்திரம் அந்த விரலில் புரிந்துவிடும்.

நூல் எவ்வளவு மெல்லியது என்று சொல்லும் கவுண்டை விளக்க ஒரு கணக்கு வையுங்கள். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜ நீளச் சிட்டம் (நூல் கட்டு) எத்தனை தேறுகிறதோ அதுதான் நம்பர். 60-ஆம் நம்பர் என்றால் 60 சிட்டம், அதாவது 50,400 கெஜம், ஏறக்குறைய 46 கிலோமீட்டர். அரைக் கிலோகூட இல்லாத நூலை இங்கே ஒரு முனையைக் கட்டிவிட்டுப் போனால் கிட்டத்தட்ட திருநெல்வேலி வரை நீளும். இந்தப் பலகை முன்னால் பள்ளிப் பிள்ளைகள் நிற்பார்கள்.

சங்கு ஊத வைக்கும் யோசனை எல்லா மில் ஊரிலும் வரும். நல்ல யோசனைதான், ஆனால் திடீரென்று ஊதக் கூடாது. சங்கு விபத்துக்கும் ஊதியிருக்கிறது. காவல் நிலையத்தில் சொல்லி, முந்தின நாளும் அன்று காலையும் ஆட்டோவில் அறிவித்துவிட்டு, பழைய ஷிப்டு நேரம் ஒன்றில் ஒரே ஒரு முறை ஊதுங்கள்.

வேறு ஊர்களில் இந்தப் படிக்குக் கவனம் கூட வேண்டும். தீப்பெட்டி, பட்டாசு ஊர்களில் மருந்தை எந்த அளவிலும் பந்தலுக்குள் கொண்டுவராதீர்கள். காலிப் பெட்டியும் லேபிளும் போதும்.

10. நடை

காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடிக்கவும். தூரம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். ஒரு குழுவில் இருபத்தைந்து பேர், முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். வரலாறு தெரிந்த ஒருவர் எல்லா இடத்திலும் பேசுவதைவிட, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த இடத்துக்காரர் ஒருவர் மூன்று நிமிடம் பேசுவது நன்றாக இருக்கும். லைன் வீட்டு வாசலில் அந்த வீட்டு ஆச்சி, மில் வாசலில் பதிலியாக நின்றவர், டீக்கடையில் கடைக்காரரே.

முந்தின வாரம் அதே நேரத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். நிழல் எங்கே, கழிப்பறை எங்கே, லாரி திரும்பும் முனை எது என்று அப்போதுதான் தெரியும். வீடுகளுக்குள் எட்டிப் பார்ப்பதும், கேட்காமல் படம் எடுப்பதும் கூடாது என்று தொடங்கும்போதே சொல்லுங்கள். அங்கே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன.

பாபநாசத்துக்கு மேலே போவது ஆசையாக இருக்கும். சோதனைச் சாவடி தாண்டினால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு வேனைக்கூட ஏற்ற முடியாது. மின் நிலையத்துக்கு மின்வாரிய அனுமதி தனி. முதல் விழாவில் இதை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. அனுமதி அலைச்சலில் மற்ற வேலை கெடும்.

சுரங்க ஊர்களில் இன்னும் கவனம். கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அங்கே தமிழ்க் குடும்பங்களின் நினைவு கொட்டிக் கிடக்கிறது. ஆனால் பழைய சுரங்க வாய்களுக்குப் பக்கத்திலோ, தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகளின் மேலோ கூட்டத்தை நடத்திப் போவது ஆபத்து. தூரத்தில் நின்று காட்டுங்கள்.

11. மேடை

இருபது நிமிடம். அதற்குமேல் போனால் கூட்டம் கேன்டீன் பக்கம் நகர்ந்துவிடும்.

அழைப்பிதழில் பெயர்களை அகர வரிசையில் போடுங்கள், அப்படிப் போட்டிருக்கிறோம் என்று கீழே ஒரு வரியும் போடுங்கள். பொன்னாடை வேண்டும் என்றால் விருந்தினருக்குப் போடாமல், விருந்தினர் கையால் மூத்த தொழிலாளர்களுக்குப் போடச் செய்யுங்கள். விருந்தினருக்கும் படம் நன்றாக வரும், மறுப்பு வராது. பேர் சொல்லும்போது வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 'கார்டிங் பகுதி ஜாபர்' (மேஸ்திரி), 'ரீலிங் பகுதி', 'கேன்டீன் சமையல்'. அந்த ஒரு சொல்லுக்குக் கூட்டத்தில் கைதட்டல் வேறு மாதிரி விழும்.

நன்கொடையாளர் விளம்பரம் கண்காட்சிக்குள் வரக் கூடாது. வாசலில் ஒரே பலகையில் எல்லாப் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும்.

12. விழா நாள்

வருகைப் பதிவேட்டில் பெயர், ஊர் என்பதோடு 'உங்கள் வீட்டில் யார் மில்லில் வேலை பார்த்தார்கள், எந்தப் பகுதி?' என்று ஒரு கட்டம் வையுங்கள். அடுத்த பதிவுகளுக்கான பட்டியல் அன்றே கிடைத்துவிடும்.

முதுகு சாயும் நாற்காலிகளைப் படங்களின் எதிரில் போடுங்கள், மேடையின் எதிரில் மட்டும் போடாதீர்கள். பெரியவர்கள் ஒரு படத்தின் முன் நீண்ட நேரம் நிற்பார்கள். குடிநீர், கழிப்பறை, முதலுதவி எங்கே என்று பெரிய எழுத்தில் அம்புக்குறி வேண்டும். பழைய கேன்டீன் ஆட்கள் யாராவது இருந்தால் அந்தக் காலத்து டீயும் வடையும் அவர்கள் மேற்பார்வையில் போடச் சொல்லுங்கள். பித்தளைப் பொருட்கள் பூட்டிய கண்ணாடிப் பெட்டியில் இருக்கட்டும், சாவி ஒருவரிடம் மட்டும். இரவு பந்தலில் இருவர் படுக்க வேண்டும், ஒருவர் அல்ல.

ஒலிப்பதிவுகளை ஒலிபெருக்கியில் போடாதீர்கள். இரைச்சலில் ஒன்றும் விளங்காது. ஒரு மூலையில் நான்கு ஹெட்போன், இரண்டிரண்டு நிமிடத் துண்டுகள், அவ்வளவுதான்.

13. திருப்பிக் கொடுப்பது

பந்தல் பிரித்த களைப்பில் இந்தப் படியைத்தான் தள்ளிப்போடுவார்கள். ஒரு பாபின் ஆறு மாதம் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்தால், அடுத்த முறை அந்தத் தெருவில் ஒருவரும் எதையும் தர மாட்டார்கள். ஒரு வாரத்துக்குள், வாங்கியவரே நேரில் போய், எடுத்த படத்தோடு ஒப்பிட்டுக் காட்டி, ரசீதின் பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்க வேண்டும். ஆள் ஊரில் இல்லை என்றால் அண்டை வீட்டில் கொடுக்காதீர்கள், போனில் பேசி யாரிடம் தரலாம் என்று கேளுங்கள்.

ஸ்கேன் செய்த படத்தின் நல்ல அச்சு ஒன்றை உறையில் போட்டு உடன் கொடுங்கள். பேச்சுப் பதிவுக்கு ஒரு பென் டிரைவ். முழுத் தொகுப்பின் ஒரு பிரதி கிளை நூலகத்துக்கு, இன்னொன்று பள்ளிக்கு. ஹார்ட் டிஸ்க்கை ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்க்கும் பொறுப்பைப் பெயர் சொல்லி ஒருவருக்குக் கொடுங்கள்.

வரவு செலவைத் தட்டச்சு செய்து, சங்க அலுவலகப் பலகையில் பதினைந்து நாள் ஒட்டி வையுங்கள். மீதிப் பணம் இருந்தால் எவ்வளவு, எதற்கு என்பதும் அதிலேயே இருக்கட்டும். ரசீதுப் புத்தகத்தில் கையெழுத்து ஆகாத எண் ஒன்றாவது மிச்சம் இருக்கும்வரை குழுவைக் கலைக்காதீர்கள்.